பினாங்கு நெரிசலும் ஹைப்ரிட் காரின் எண்ணெய்க் கணக்கும்

மலேசியாவில் ஹைப்ரிட் கார்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2011-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 2000 சிசி-க்கு உட்பட்ட இறக்குமதி ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி இரண்டையும் அரசாங்கம் முழுமையாகத் தள்ளுபடி செய்தது. அந்தச் சலுகை 2013 முடிய நீண்டது. ஹோண்டா இன்சைட் 98,000 வெள்ளிக்கும், டொயோட்டா பிரியஸ் சி 97,000 வெள்ளிக்கும், ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட் 90,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைத்தன. ஜப்பானில் செய்த கார், புதுத் தொழில்நுட்பம், ஒரு லட்சத்துக்குள் விலை. யார்தான் விடுவார்கள்? அன்று பதிவான கார்களைப் பினாங்கின் ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். முதல் உரிமையாளர் விற்று, இரண்டாமவர் விற்று, மூன்றாவது கையில் ஓடிக்கொண்டிருப்பவை பல.

மூன்றாவது கையில் இருப்பவர்களிடம்தான் அந்தப் புலம்பலை அதிகம் கேட்கலாம்: “சிவப்பு விளக்குல இன்ஜின் நின்னுடுது, சத்தமே இல்ல, ஆனா எண்ணெய் மட்டும் பழைய கார் மாதிரிதான் குடிக்குது.” புலம்பலில் உண்மை உண்டு. நன்றாக ஓட்டினால் லிட்டருக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய காரை 14-இல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குக் கார் கெட்டிருக்கும். பெரும்பாலோருக்குக் கார் நன்றாகத்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை மட்டும் விடாமல் செய்துகொண்டிருப்பார்கள். நகரத்தில் இந்தக் கார்களின் மைலேஜைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பிரேக்கும் ஏசியும்தான் என்பது என் கட்சி.

முதலில் ஒரு தலைகீழ்க் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் 2012 பிரியஸ் சி-க்கு நகர ஓட்டத்தில் கேலனுக்கு 53 மைல், நெடுஞ்சாலையில் 46 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 22.5, 19.6 கிலோமீட்டர். அதே காலத்து 1.8 லிட்டர் ஆட்டோ கொரோலாவுக்கு நகரில் 11, நெடுஞ்சாலையில் 14.5 என்ற அளவு. சாதாரணக் கார் நகரத்துக்குள் வந்தால் இளைக்கும்; ஹைப்ரிட் கார் நகரத்துக்குள் வந்தால்தான் நிமிரும். நின்று நின்று போகும் சாலையில் மற்றக் கார்கள் சூடாக்கி வீணடிப்பதை இது பிடித்துத் திரும்ப வைத்துக்கொள்கிறது.

எவ்வளவு வீணாகிறது? 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 116 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை 50-இலிருந்து முற்றாக நிற்கும்போதும் சுமார் 14 மில்லிலிட்டர் பெட்ரோலை பிரேக் கட்டைகளில் சூடாகக் கரைத்துவிட்டோம் என்று பொருள். லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற மானிய விலையில் மூன்று காசுக்குச் சற்றுக் குறைவு. அற்பம்தான். ஆனால் கொம்தாரிலிருந்து பாயான் லெப்பாஸ் போய்த் திரும்பும் ஒருவர் ஒரு நாளில் ஐம்பது தடவை அப்படி நின்றால் முக்கால் லிட்டர் போயிற்று. இன்னொன்று: வேகம் இரண்டு மடங்கானால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். 60-இல் போய் நிற்பவர், 30-இல் போய் நிற்பவரைவிட நான்கு பங்கு இழக்கிறார். அடுத்த சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே வேகம் கூட்டுகிறவர்களின் பணம் எங்கே போகிறது என்பது இதிலிருந்து புரியும்.

ஹைப்ரிட் கார் இந்த ஆற்றலில் ஒரு பங்கைச் சூடாகப் போகவிடாமல் மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் இழப்பு போக, பாதி கிடைத்தாலே நல்ல கணக்கு. ஆனால் அந்தப் பாதி கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரி ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும் மின்சாரத்துக்கு எல்லை இருக்கிறது. பிரியஸ் சி-யின் பேட்டரி 144 வோல்ட், ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவான கொள்ளளவு. பிரேக்கை அழுத்தி மிதித்தால் வருகிற வெள்ளம் முழுவதையும் அது வாங்க முடியாது. மிஞ்சியதைச் சாதாரணப் பிரேக் கட்டைகள்தான் எடுத்துக்கொள்ளும்.

மாலை ஆறு மணிக்கு ஊர்க்காரர்கள் இன்னும் கிரீன் லேன் என்றே சொல்லும் மஸ்ஜித் நெகிரி சாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டொயோட்டா ஹைப்ரிட்களின் முன்பலகையில் படுத்த வாக்கில் ஒரு பட்டை இருக்கும். இடக்கோடியில் சார்ஜ், நடுவில் ஈகோ, வலக்கோடியில் பவர். நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் விளக்கு மஞ்சளாகிறது. காலை எடுத்துவிட்டால் பட்டை மெதுவாக இடப்பக்கம் நகரும். பிரேக் மீது காலை வைத்தும் வைக்காமலும் தொட்டால் இன்னும் இடது பக்கம் ஓடி, கோடிக்குச் சற்று முன்னே நிற்கும். அப்படியே விளக்கு வரை கொண்டுபோனால் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். முன்னால் போகிறவரின் பின்விளக்கு வரை எண்ணெய் விட்டுக்கொண்டு போய்க் கடைசியில் அழுத்தினால் பட்டை ஒரே தாவலில் இடக்கோடியில் முட்டி நிற்கும். முட்டியதற்கு மேல் உள்ளது எல்லாம் கட்டைச் சூடு. கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் விலகிக்கொண்டு சாதாரணப் பிரேக் வந்துவிடும் என்பதால், நெரிசலில் ஓட்டைச் சைக்கிள் வேகத்தில் நகர்ந்து நகர்ந்து நிற்பதில் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அதற்கு வழி, முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மூன்று முறை நகர வேண்டியதை ஒரே முறை நகர்வது. ‘இடம் விட்டால் எவனாவது நுழைந்துவிடுவானே’ என்பார்கள். ஆமாம், நுழைவார்கள், முதலில் நுழைவது மோட்டார் சைக்கிளாகத்தான் இருக்கும், அது நமக்கு முன்னால் நிற்கப்போவதும் இல்லை. கார் ஒன்று நுழைந்தாலும் நஷ்டம் ஆறு மீட்டர். அதற்காகக் கௌரவப் போராட்டம் நடத்துகிறவர் மைலேஜைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இங்கே இயந்திர வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்; ஒரு காருக்குப் பொருந்தும் யோசனை இன்னொன்றுக்குப் பொருந்தாது. டொயோட்டாவில் இன்ஜினும் இரண்டு மோட்டார்களும் ஒரு கோள்பல்சக்கரத் தொகுதியில் இணைந்திருக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் பிரியஸ் வந்ததிலிருந்து அடிப்படை இதுதான். பழைய ஹோண்டாக்களில், அதாவது இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் ஆகியவற்றில், இன்ஜினோடு ஒட்டிய மெல்லிய மோட்டார் ஒன்று உதவிக்கு மட்டும் வரும். 2020-இல் மலேசியாவில் அறிமுகமான ஹோண்டா சிட்டி ஆர்.எஸ். ஹைப்ரிட்டில் நிலைமை தலைகீழ்: நகரத்தில் பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும், இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் பூட்டி இன்ஜின் நேராகச் சக்கரத்தைப் பிடிக்கும். பெரோடுவா 2022-இல் அதிவா ஹைப்ரிட் கார்கள் முந்நூறை மாதம் 500 வெள்ளி வாடகையில் ஐந்தாண்டுக்குக் கொடுத்துச் சோதனை நடத்தியது. அதில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது.

மின்சாரத்தில் ஓடும் வண்டி இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1925 முதல் 1961 வரை ஜார்ஜ் டவுன் தெருக்களில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு டிராலிபஸ் ஓடியது. அவற்றைப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பியை அவிழ்த்தெறிந்த ஊரில் இப்போது ஒவ்வொருவரும் பின்னிருக்கைக்கு அடியில் ஒரு சின்ன மின்நிலையத்தைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.

வேகம் எடுப்பதைப் பற்றித்தான் தவறான போதனை அதிகம். இன்ஜின் எழாமல் மோட்டாரிலேயே ஊர்ந்து போனால் இலவசமாக ஓடுகிறோம் என்று பலருக்கும் நினைப்பு. பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தில் பிரேக்கில் பிடித்தது போக மீதி, பெட்ரோல் எரித்து உண்டானதுதான். எரித்து, மின்சாரமாக்கி, பேட்டரியில் போட்டு, மறுபடி எடுத்து ஓட்டும்போது ஒவ்வொரு படியிலும் இழப்பு. பேட்டரி கீழே இறங்கியதும் இன்ஜின் எழுந்து காரையும் ஓட்ட வேண்டும், பேட்டரியையும் நிரப்ப வேண்டும். மோட்டாரில் மட்டும் ஓட வைக்கும் ஈ.வி. பொத்தானை அடிக்கடி அழுத்துகிறவர்கள் கடன் வாங்கிக் கடனை அடைக்கிறார்கள். டொயோட்டாவில் சரியான வழி, விளக்கு பச்சையானதும் ஈகோ பகுதியின் வலப் பாதி வரை பட்டை போகும் அளவுக்குத் தயங்காமல் மிதித்து, சாலையின் வேகத்தை எட்டியதும் காலைத் தளர்த்துவது. இன்ஜின் நல்ல சுமையில் இயங்கும்போதுதான் அதன் திறன் அதிகம். மூன்றாம் தலைமுறை பிரியஸின் இன்ஜின் உச்சத்தில் 38.5 விழுக்காடு வரை திறன் காட்டியது அப்படிப்பட்ட சுமையில்தான். காலைத் தளர்த்தியதும் இன்ஜின் தானே அணையும். அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிக்க மோட்டார் போதும். டத்தோ கெராமாட் சாலையில் நத்தையாக எழும்பிப் பின்னால் பத்துக் கார்களை ஹாரன் அடிக்க வைப்பதால் ஒரு சொட்டும் மிச்சமாகாது.

பழைய இன்சைட்டில் இதை நிறத்திலேயே சொல்லிவிடுவார்கள்: சிக்கனமாக ஓட்டினால் வேகமானியின் பின்னொளி பச்சை, இல்லாவிட்டால் நீலம். பிரியஸ் சி நூற்றுக்கு மதிப்பெண் போடும். சிலர் சிரிப்பார்கள். எனக்கு இவை பிடிக்கும். வாத்தியார் பக்கத்தில் இருந்தால்தான் நமக்குக் கை நேராக வரும்.

இனி ஏசி. பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 31, 32 பாகை. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அதைவிட எவ்வளவோ கூடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் வாகன ஓட்டிகளுக்கான வழிகாட்டியே, கடும் வெப்பத்தில் ஏசி சாதாரணக் காரின் மைலேஜைக் கால் பங்குக்கு மேல் குறைக்கலாம், குறுகிய பயணங்களில் பாதிப்பு அதிகம், ஹைப்ரிட் கார்களில் விழுக்காட்டளவில் இன்னும் கூடலாம் என்கிறது. காரணம் எளிது. ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் காரில் ஏசியின் பங்கு பெரிதாகத் தெரியும்.

டொயோட்டா ஹைப்ரிட்களில் ஏசி அமுக்கி மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் நின்றாலும் குளிர் நிற்காது. காரின் உள்ளே குளிர்ந்து நிலைபெற்ற பிறகு அது ஒரு கிலோவாட் அளவு இழுக்கும் என்று கொண்டால், பிரியஸ் சி-யின் பேட்டரியில் பயன்படுத்த அனுமதிக்கும் பங்கு இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குவது கடினம். ‘லோ’வில் வைத்து இரட்டிப்பாக இழுத்தால் பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு நின்ற இடத்திலேயே இன்ஜின் எழுந்து சார்ஜ் ஏற்றும். ஒரு மணி நேர நெரிசலுக்கு இப்படி ஆகும் செலவு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கு வருகிறது. ஏசியோடு சும்மா ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண இன்ஜின் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்துவிடும். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்பட்டுச் சாலைகள் மூடப்படும்போது மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஹைப்ரிட் காரின் அருமை புரியும்.

பழைய இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் ஏசி அமுக்கியை இன்ஜின் பெல்ட்தான் சுற்றுகிறது. விளக்கில் நின்றதும் இன்ஜின் அணையும், குளிர் குறையும், வெயில் பொறுக்காமல் இன்ஜின் மறுபடி எழும். மூன்றாவது கைக்காரர்களின் புலம்பலில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. காரைக் குறை சொல்ல முடியாது. மிதமான தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் அமைப்பு அது.

அப்படியானால் ஏசியை அணைத்துவிடலாமா? கூடாது. இதுதான் பலருக்கும் தெரியாத இடம். பிரியஸ், பிரியஸ் சி போன்ற கார்களின் பேட்டரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின்னிருக்கையின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சல்லடை வாய் இருக்கும். அதன் வழியே மின்விசிறி ஒன்று உள்காற்றை இழுத்துப் பேட்டரி மேல் விடும். நாம் வியர்த்துக்கொண்டு சிக்கனம் பார்த்தால் பேட்டரியும் வியர்க்கும். சூடு நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பத்து வெள்ளி எண்ணெய் மிச்சம் பிடித்துச் சில ஆயிரம் வெள்ளி பேட்டரியைச் சீக்கிரம் மாற்றுவது புத்திசாலித்தனமாகாது.

அந்தச் சல்லடையை ஒருமுறை கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பல ஆண்டு ஓடிய காரில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசு படர்ந்திருக்கும்; முடி, துண்டு நூல், பிள்ளைகள் தின்ற பிஸ்கட் தூள். நாய் வளர்க்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். அதன் மேலேயே துணி மூட்டையோ தலையணையோ வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காற்று போகாமல் பேட்டரி சூடேறினால் கணினி அதன் வேலையைக் குறைத்துவிடும், இன்ஜின் கூடுதல் நேரம் ஓடும், மைலேஜ் சத்தமில்லாமல் இறங்கும். காரணம் தெரியாமல் ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த வாயைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பட்டறையில் நினைவூட்டாவிட்டால் விட்டுவிடக்கூடும்.

ஏசியில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் முதல் ஐந்து நிமிடம். ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு தெரு தூரம் ஓட்டி வெந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். 24, 25 பாகையில் ஆட்டோவில் வைத்து, உள்சுழற்சியில் விடுங்கள். கூடுமான வரை கூரையுள்ள நிறுத்துமிடம் தேடுங்கள். கண்ணாடிக்கு நல்ல வெப்பத்தடுப்புத் தாள் ஒட்டினால் ஆண்டு முழுவதும் பலன் தரும். 2019 மே மாதம் முதல் முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு ஒளி புக வேண்டும் என்பது சட்டம், பின்பகுதிக்குக் கட்டுப்பாடில்லை. கறுப்பு நிறமே வெப்பத்தைத் தடுக்கும் என்று நம்பி ஏமாற வேண்டாம். தடுப்பது தாளின் தரம்.

அடுத்த திருடன் குறுகிய பயணம். ஹைப்ரிட் கார் முதலில் கிளம்பும்போது, பேட்டரி நிறைந்திருந்தாலும், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைச் சூடாக்க இன்ஜினை ஒரு நிமிடத்துக்கு அருகில் ஓடவிடும். பினாங்கின் இளஞ்சூட்டுக் காலையில் இது சீக்கிரம் முடியும்; ஆனாலும் முடிந்தாக வேண்டும். வீட்டிலிருந்து சௌராஸ்தா சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் போய், காய்கறி வாங்கி, திரும்பி, மறுபடி பிள்ளையைக் கூப்பிட ஒரு நடை, சாயந்திரம் குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நடை என்று ஓட்டினால் ஒவ்வொரு முறையும் இந்த மொய்யை எழுத வேண்டியிருக்கும். லிட்டருக்கு 12, 13 என்று காட்டினால் ஆச்சரியமில்லை. வேலைகளைச் சேர்த்து, தூரமான இடத்துக்கு முதலில் போய், சூடேறிய இன்ஜினோடு பக்கத்து வேலைகளை முடித்துத் திரும்புவது பழைய யோசனைதான். ஹைப்ரிட்டுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். கிளம்பிய முதல் நிமிடத்தில் அவசரமாக மிதிக்கவும் வேண்டாம், நின்ற இடத்தில் சூடேறக் காத்திருக்கவும் வேண்டாம். நிதானமாக உருண்டுகொண்டே சூடேறட்டும்.

நகர மையத்தில் இன்னொரு தொல்லை, இடம் தேடிச் சுற்றுவது. லெபோ பசார், லெபோ சூலியா பக்கம் ஒருவழித் தெருக்கள். ஒரு இடம் தவறினால் மூன்று திருப்பம். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமான பிறகு கூட்டம் கூடியதே தவிரத் தெரு அகலமாகவில்லை, ஆகவும் கூடாது. கொம்தார் பக்கம் அடுக்கு நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நகர மையத்தைச் சுற்றும் இலவச ‘கேட்’ (CAT) பஸ்ஸில் உள்ளே போவது எண்ணெயையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே காப்பாற்றும்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் கதை வேறு. 2021 தொடக்கம் முதல் ஃபெர்ரி கார்களை ஏற்றுவதில்லை என்பதால் பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பாலத்தைத் தவிர வழியில்லை. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், வேக வரம்பு 80. நெரிசலில்லாத நேரத்தில் இங்கே ஹைப்ரிட்டுக்கு மிடுக்கு கிடையாது. நிறுத்தமில்லாத சாலையில் பிடித்து வைக்க எதுவுமில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி. 80-இலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கு மேல். வரம்பை மதித்தாலே போதும்.

மலைச் சாலையில் ஒரு சந்தேகம் அடிக்கடி எழுகிறது: கியரில் ‘பி’ எதற்கு? துன் சார்டோன் சாலை வழியாகப் பாலேக் பூலாவுக்கு இறங்கும்போது, பேட்டரி நிறைந்துவிட்டால் மேற்கொண்டு வாங்க இடமிருக்காது. அப்போது டொயோட்டாவின் ‘பி’ இன்ஜினைச் சுழலவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக் கட்டை வேகாமல் காக்கும். அதுதான் அதன் வேலை. சமதரையில் கூடுதலாகச் சார்ஜ் ஏறும் என்று நகரத்தில் ‘பி’யில் ஓட்டுவது வீண். ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னுள்ள இதழ்கள் வேறு வகை; அவை மின்பிடிப்பின் அளவைக் கூட்டிக் குறைப்பவை, தாராளமாகப் பயன்படுத்தலாம். இறக்கத்தில் ‘என்’னுக்கு மாற்றி உருட்டும் பழைய லாரிக்காரர் பழக்கத்தை இரண்டு காரிலும் விட்டுவிட வேண்டும். ‘என்’னில் சார்ஜ் ஏறாது, வண்டியும் கட்டுக்குள் இருக்காது.

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். நான்கு டயரிலும் 30 கிலோபாஸ்கல் குறைந்தால் மைலேஜ் ஒரு விழுக்காடு அளவில் குறையும். ஊதிப் பேசப்படுவதைவிடக் குறைவுதான், ஆனால் டயரும் வீணாகத் தேயும். டயர் மாற்றும்போது உருளும் தடை குறைந்த ரகமா என்று கேளுங்கள். ரோன் 95 போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன காருக்கு ரோன் 97 ஊற்றுவதால் மைலேஜ் கூடாது. காந்தம், மாத்திரை, ஹைட்ரஜன் குழாய் விற்கிறவர்களிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். பூட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மூட்டைகளை இறக்குங்கள். முன்பலகை காட்டும் மைலேஜ் சற்றுத் தாராளமாகவே காட்டும். உண்மை வேண்டுமென்றால் நிறையப் போட்டு, ஓட்டி, மறுபடி நிறையப் போட்டு வகுத்துப் பாருங்கள்.

உலகத்தில் இதை ஒரு விளையாட்டாகவே ஆடுகிறவர்கள் உண்டு. 2005-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஐந்து பேர் மாறி மாறி ஓட்டி, ஒரே டேங்க் பெட்ரோலில் பிரியஸ் ஒன்றை 1397 மைல் கொண்டுபோனார்கள். லிட்டருக்கு 46 கிலோமீட்டருக்கு மேல். கொஞ்சம் வேகம் எடுப்பது, இன்ஜினை அணைய விட்டு மிதந்து போவது, மறுபடி வேகம் எடுப்பது என்பதுதான் உத்தி. தேர்ந்தெடுத்த சாலையில், மெதுவான சீரான வேகத்தில் செய்தது. துன் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் ஒருவர் இப்படி வேகத்தை ஏற்றி இறக்கிப் போனால் பின்னால் வரும் லாரியும் இரண்டு பக்கமும் உரசிப் போகும் மோட்டார் சைக்கிள்களும் என்ன ஆகும்? சாதனையை ரசிக்கலாம், இங்கே செய்யக் கூடாது.

கடைசியில் பணம். 2025 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கியது. மானியமில்லாத விலை அப்போது 2 வெள்ளி 60 காசு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் லிட்டருக்கு 12 போகும் காரில் 1000 லிட்டர் போடுவார். 20 போகும் ஹைப்ரிட்டில் 600. மிச்சம் 400 லிட்டர், மானிய விலையில் 800 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மேலே சொன்ன பழக்கங்களால் அந்த ஹைப்ரிட்டில் இன்னும் 15 விழுக்காடு குறைத்தால் 90 லிட்டர், அதாவது ஆண்டுக்கு 180 வெள்ளி. உலகிலேயே மலிவான எண்ணெய் விற்கும் நாடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு எண்ணெய்க் கணக்கை மட்டும் காட்டி ஹைப்ரிட் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இ-ஹெய்லிங் ஓட்டுநரின் கணக்கு வேறு. மாதம் 5000 கிலோமீட்டர் ஓடினால் சாதாரணக் காருக்கு 417 லிட்டர், ஹைப்ரிட்டுக்கு 250. அத்தனை லிட்டரும் மானிய விலையில் கிடைத்தால் மாதம் 330 வெள்ளி அளவில் கையில் நிற்கும். நாள் முழுவதும் நகரத்துக்குள், இன்ஜின் எப்போதும் சூடாக, நெரிசலில் ஓடும் இந்தத் தொழிலுக்கென்றே செய்தது போல இருக்கிறது இந்த இயந்திரம். பாலம் தாண்டித் தினமும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்து நெரிசலில் நிற்கிறவர்களுக்கும் கணக்கு ஓரளவு கட்டும். முத்தியாரா எல்.ஆர்.டி. தடத்தின் வேலை 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. அது வரும் வரை அவர்களுக்கு வேறு வழியும் குறைவு.

பழைய ஹைப்ரிட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைலேஜைக் கேட்பதற்கு முன் பேட்டரியைக் கேளுங்கள். புதுக் காரில் ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டாண்டு உத்தரவாதம் தருகிறார்கள்; 2013-க்கு முந்திய கார்களுக்கு அது என்றோ முடிந்துவிட்டது. மாற்றியிருந்தால் பில் எங்கே, போட்டது புதியதா, செல்களை மட்டும் மாற்றி ஒட்டுப் போட்டதா என்று பாருங்கள். 2017 நவம்பர் பெருவெள்ளத்தில் பினாங்கில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. இந்தக் கார்களில் பேட்டரி பின்னிருக்கை மட்டத்திலோ அதற்கும் கீழோ இருக்கிறது. இருக்கையைத் தூக்கி, சேற்றுக் கறையோ துருவோ இருக்கிறதா என்று பார்க்காமலும், ஹைப்ரிட் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பேட்டரியைச் சோதிக்காமலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.